தனிப்பந்தி கிடையாது

மாசிலாமணிக்கு இடுப்பு எலும்பு முறிந்தது வயலில் அல்ல, குளியலறையில். வயலில் விழுந்திருந்தால் நாலு பேர் ஓடி வந்து தூக்கியிருப்பார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டார். அதுவும் நிச்சயமில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

தஞ்சாவூரில் படம் எடுத்துப் பார்த்து, ஆபரேஷன் செய்து தகடு வைக்க வேண்டும் என்றார்கள். ஆனால் சர்க்கரை ஏறிக் கிடந்தது. இருதயமும் அவ்வளவு சரியில்லை. சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், வயது எழுபத்தாறு ஆகிறது, என்ன வேண்டுமானாலும் ஆகலாம், வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு திங்கட்கிழமையைக் குறித்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். குத்தாலத்துக்குக் கிழக்கே வாய்க்கால் கரையை ஒட்டிய அவர் வீட்டில் கொண்டுவந்து கட்டிலில் போட்டார்கள். அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால் தனக்குத் திருவிருந்து வேண்டும் என்று அவர் போதகருக்குச் சொல்லி அனுப்பினார்.

சாவதைப் பற்றி அவர் பயப்பட்டதாகத் தெரியவில்லை. அப்பமும் திராட்சை ரசமும் வாங்காமல் சாவதுதான் அவருக்குப் பயம். பண்ணை வீட்டுக் கொல்லையில் நின்று சோறு வாங்கித் தின்ற தகப்பனுக்குப் பிறந்தவர் அவர். உலகத்தில் எந்த மேசையில் இடம் இல்லாவிட்டாலும் கர்த்தருடைய மேசையில் எனக்கு இடம் உண்டு, அதை எவனும் பிடுங்க முடியாது என்பது அவர் வாழ்நாளெல்லாம் பிடித்துக்கொண்டிருந்த பெருமை. நியாயமான பெருமைதான். அந்த மேசைக்குக் காவல்காரனாகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டதில்தான் கெட்டுப்போனார்.

இருபது வருஷத்துக்கு மேல் அவர் எங்கள் சபை மூப்பர். போதகர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். மூப்பர் அப்படியே இருந்தார். அவர் கையில் இருந்த ஆயுதத்துக்குக் கட்டுப்பாடு என்று பெயர். சபை முறையை மீறியவர் ஆலயத்துக்கு வரலாம், பாட்டுப் பாடலாம், காணிக்கை போடலாம். காணிக்கையை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஆனால் திருவிருந்து நேரத்தில் பீடத்தருகே போய் முழந்தாளிடக் கூடாது. ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து பேராகப் போய் முழந்தாளிடும் வரிசைக்கு எங்கள் பக்கத்தில் பந்தி என்று பெயர். கட்டுப்பாட்டில் இருக்கிறவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பந்தி பந்தியாகப் போய் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குடித்தவன், கல்யாணத்துக்கு மேளம் வைத்தவன், வட்டிக்கு விட்டவன், புருஷனை விட்டு வந்தவள் என்று பாதி ஊரை அவர் ஏதோ ஒரு வருஷத்தில் அந்தக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்.

நோயாளிக்குப் போதகர் வீட்டுக்கே வந்து திருவிருந்து கொடுப்பார். அதற்கும் எங்கள் சேகரத்தில், அதாவது ஒரே போதகரின் கீழுள்ள சபைகளில், ஒரு முறை உண்டு. தனிப்பந்தி கிடையாது. நோயாளியோடு சேர்ந்து சாப்பிட, திருவிருந்து வாங்கத் தகுதியுள்ள இன்னொருவராவது அந்த வீட்டில் இருக்க வேண்டும். போதகர் கணக்கில் சேர மாட்டார், அவர் பரிமாறுகிறவர். முன்பு கிழக்குத் தெருவில் ஒரு விதவை, கூட உட்கார ஆள் இல்லை, எனக்கு மட்டும் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டபோது, அன்றைய போதகர் இரங்கிப் புறப்பட்டார். மாசிலாமணிதான் மறித்தார். தனியாக வாங்கிச் சாப்பிட இது என்ன மருந்தா என்று கேட்டார். அந்த அம்மாள் வாங்காமலேயே இறந்துபோனாள்.

இப்போதைய போதகர் இனியவன் சின்ன வயசுக்காரர், மூன்று சபைகளை ஒரு மோட்டார் சைக்கிளில் பார்த்துக்கொள்கிறவர். முதல் சனிக்கிழமை வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, யாரை அழைக்கலாம் என்று கேட்டார். மாசிலாமணி கேள்வியை விரும்பவில்லை. அந்த முறையெல்லாம் இப்போது எதற்கு, ஆபத்துக்குப் பாவமில்லை என்கிற மாதிரி பேசினார். இனியவன் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் காப்பாற்றின முறையை உங்களுக்காகவே மாற்றினால் ஊர் என்ன சொல்லும் என்று முதலில் சொன்னார். பிறகு, ஊர் கிடக்கட்டும், எனக்கே அந்த முறை சரியென்று படுகிறது, ஒருத்தர் தனியாகச் சாப்பிட்டால் அதை விருந்து என்று சொல்ல முடியாது என்றார்.

"எனக்குப் பாடம் நடத்த வந்தீங்களா தம்பி பாஸ்டர்?"

"இல்லைங்க ஐயா. ஒரு ஆளைக் கூப்பிடுங்கன்னு சொல்ல வந்தேன். ஊர் பூரா உங்களுக்குத் தெரிஞ்சவங்கதானே."

அடுத்த சனிக்கிழமை திருவிருந்துப் பெட்டியோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் அப்போது இன்னொரு ஆள் இருந்தாள். மாசிலாமணியின் மகள் சுடர்விழி. அண்ணன் துபாயிலிருந்து போன் போட்டு, ஆபரேஷன் வரைக்கும் பார்த்துக்கொள் என்று கெஞ்சியதால் வந்திருந்தாள். அவள் கணவன் பரிதி குத்தாலத்தில் எலக்ட்ரீசியன். அவளைத் தெருமுனையில் இறக்கிவிட்டதோடு சரி. தினமும் சாயங்காலம் காய்கறியும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு வந்து, வாசலுக்கு வராமல் தெருவில் நின்று ஹாரன் அடிப்பான். அவள் போய் வாங்கிக்கொள்வாள்.

பரிதி இந்து. பதினைந்து வருஷத்துக்கு முன் இருவரும் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதற்கு அடுத்த ஈஸ்டர் அன்று சுடர்விழி எங்கள் ஆலயத்துக்கு வந்து, பெண்கள் பந்தியில் போய் முழந்தாளிட்டாள். அவள் பெயரில் அப்பாவே ஏற்கெனவே சபைக் கமிட்டியில் பிராது கொடுத்திருந்தார் என்பது அவளுக்குத் தெரியாது. அப்பம் அவளுக்கு இரண்டு பேர் தள்ளி வந்துகொண்டிருந்தபோது மாசிலாமணி தன் இடத்திலிருந்து எழுந்து போய், மகளின் முழங்கையைப் பிடித்து, எழுந்திரு என்றார். நானூறு பேர் பார்த்தார்கள். அவள் எழுந்து நடந்து வெளியே போனாள். அதன் பிறகு குத்தாலத்தில் வேறொரு ஆலயத்துக்குப் போகிறாள் என்று கேள்வி. அங்கே யாரும் அவளைத் தடுக்கவில்லை. ஆனாலும் திருவிருந்து தொடங்கும்போது தானாகவே எழுந்து வெளியே வந்து, செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வாளாம்.

ஆகவே வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. அவர் சுவரைப் பார்த்துப் பேசுவார். வெந்நீர் ஆறிவிட்டது என்று சுவருக்குச் சொல்வார். அவள் அடுப்படியிலிருந்து, ஆறினதைத்தான் டாக்டர் குடிக்கச் சொன்னார் என்று பாத்திரத்துக்குப் பதில் சொல்வாள். மகன் போன் போட்டால் இரண்டு பேரும் அவனிடம் ஒருவர் மேல் ஒருவர் கோள் சொல்வார்கள். மலஜலம் எடுப்பதும், புண் வராமல் முதுகைத் துடைப்பதும், வேளைக்குக் கஞ்சி புகட்டுவதும் அவள்தான். அவள் முகத்தில் இரக்கம் என்று ஒன்று தெரிந்ததாக யாரும் சொல்லவில்லை. ஆனால் கஞ்சியில் ஒருநாளும் உப்புக் கூடினதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாசிலாமணி ஆள் தேட ஆரம்பித்தார். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். முதலில் வைரக்கண்ணு. கமிட்டியில் அவரோடு பத்து வருஷம் உட்கார்ந்தவர். பேரன் கல்யாணத்தில் மேளம் வைத்ததற்காக ஒரு வருஷம் கடைசி பெஞ்சில் இருந்தவரும் கூட. உடம்பு எப்படி இருக்கிறது என்று நன்றாகத்தான் விசாரித்தார். விஷயம் வந்ததும் அவர் குரல் மெதுவாகிவிட்டது.

"மூப்பரே, அந்த ஒரு வருஷம் நீங்க சாப்பிடுறதை நான் பாத்துக்கிட்டு இருந்தேன். இப்ப நீங்க கொஞ்சம் பாருங்க."

அடுத்து, பெண்கள் சங்கத் தலைவி ராஜாத்தி. அந்த அம்மாளைக் கட்டுப்பாட்டில் வைக்க இவருக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஆகவே அவள் தங்கையைக் கட்டுப்பாட்டில் போட்டிருந்தார். ராஜாத்தி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"சனிக்கிழமை தோதுப்படாதுங்க. ஆனா அடக்கத்துக்குக் கண்டிப்பா வர்றேன். பாட்டும் நானே பாடுறேன்."

அடுப்படியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மாசிலாமணி போனைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, இந்த வீட்டில் சிரிப்பதற்கு ஒன்றும் நடக்கவில்லை என்று சுவரிடம் சொன்னார். மறுநாளும் அதற்கு மறுநாளும் மற்றவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருவருக்கு வைக்கோல் கட்டுகிற மெஷின் வந்துவிட்டது. ஒருவர் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டுக் காவல் இருக்கிறார். ஒருவர் எடுக்கவே இல்லை. வர மறுத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. ஒவ்வொருவரும் மற்றவர் யாராவது போவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப் போகிறவர் முகத்தில் அப்புறம் முழிக்கக் கூடாது என்றும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை அவர் தொடவில்லை. ஜெபிக்கிறேன், உபவாசம் என்றார். சர்க்கரைக்காரர் வெறும் வயிற்றில் கிடந்தால் மயக்கம் வரும் என்று டாக்டர் சொன்னதை அவள் அடுப்படியிலிருந்து சத்தமாகச் சொன்னாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் அவள் தட்டோடு அறைக்குள் வந்து, அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள். வந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

"ஊரெல்லாம் ஆள் தேடுறீங்களே. ஞானஸ்நானம் வாங்கினவ, பந்திக்குப் போகத் திடப்படுத்தல் வாங்கினவ, இந்த வீட்லயே ஒருத்தி இருக்கா. அது உங்களுக்குத் தெரியலையா?"

"கட்டுப்பாட்டுல இருக்கறவளோட எப்படிச் சாப்பிடுறது?"

"என் கையால சோறு இறங்குது. என்கூட அப்பம் மட்டும் இறங்காதா?"

"சோறு வயித்துக்கு. அது வேற."

"ரெண்டுக்கும் ஒரே தொண்டைதான்" என்றாள் அவள்.

கட்டுப்பாட்டை எடுக்க ஒரு வழி இருக்கிறது, போதகர் முன்னால் அந்தக் கல்யாணம் பாவம், மன்னியுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது என்றார் அவர். இதைச் சொல்லும்போது ஏதோ சலுகை கொடுக்கிறவர் மாதிரி இருந்தார். சுடர்விழி தட்டை ஸ்டூலில் வைத்தாள். என் புருஷன் பாவம் இல்லை, அவரைப் பாவம் என்று சொல்லித்தான் மேசைக்கு வர வேண்டுமென்றால் செருப்புக்குப் பக்கத்திலேயே நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, கரண்டி தட்டில் உரசும் சத்தம் கேட்டது. உபவாசம் அந்த அளவில் முடிந்தது.

இரண்டாவது சனிக்கிழமை காலையில் மருதையன் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டான். மாசிலாமணியின் மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு உழுகிறவன் அவன். தினமும் காலையில் வந்து, அவரைத் தூக்கிப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டுப் போவான். இன்றைக்கு வாய்க்காலில் தலை குளித்து, சலவை வேட்டி கட்டி, பட்டன் போட்ட சட்டை போட்டிருந்தான். தினமும் நெற்றி நிறையத் திருநீறு இருக்கும். இன்று நெற்றி வெறிச்சென்று இருந்தது. எங்கே கல்யாணமா என்று சுடர்விழி கேட்டாள். அவன் பெரியவரைப் பார்த்தான். பெரியவர் சுவரைப் பார்த்தார். வேலை இருக்கிறது, இருக்கச் சொன்னார் என்றான் மருதையன்.

பதினோரு மணி வாக்கில் இனியவன் வந்தார். ஸ்டூல் மேல் வெள்ளைத் துணி விரித்து, பெட்டியைத் திறந்து, சின்ன வெள்ளிக் கிண்ணத்தையும் அப்பத் தட்டையும் எடுத்து வைத்தார். யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்டார். மாசிலாமணி மருதையனைக் காட்டினார். மருதையன் கட்டில் ஓரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து கைகட்டிக்கொண்டான்.

இனியவன் மற்ற சபைகளில் இருக்கிறவர்களையெல்லாம் அறிந்தவர் அல்ல. வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எந்தச் சபை, ஞானஸ்நானம் ஆனவர்தானே என்று மரியாதைக்குத்தான் கேட்டார்.

"ஆமா" என்றார் மாசிலாமணி. "பக்கத்துச் சேகரம்."

மருதையனுக்கு அது தாங்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கச் சொன்னார், கேட்டால் தலையாட்டச் சொன்னார், பொய் சொல்லச் சொல்லவில்லை. இன்னொருவர் தனக்காகப் பொய் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"இல்லைங்க ஐயா. எனக்கு மாரியம்மன்தான். பெரியவருக்கு முடியலை, ஒத்தாசைக்கு உக்காருடான்னாரு. உக்காந்தேன்."

இனியவன் கையில் இருந்த அப்பத் தட்டை மூடினார். அடுப்படி வாசலில் சுடர்விழி நின்றுகொண்டிருந்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"ஒரு இந்துவைக் கட்டிக்கிட்டேன்னு என்னை எழுப்பி விட்டீங்க. இன்னைக்கு நீங்களே ஒரு இந்துவைக் குளிப்பாட்டிக் கூட்டியாந்து உக்கார வச்சிருக்கீங்க. மருதையண்ணன் மேல எனக்கு ஒண்ணும் இல்லை. அவரை விட நான் என்ன கெட்டுப்போயிட்டேன்? அதை மட்டும் சொல்லுங்க."

"அவன் என்னை அவமானப்படுத்தலை" என்றார் மாசிலாமணி. "நீ படுத்தின."

தான் சொன்னது என்ன என்று அவருக்கே அப்புறம்தான் உறைத்தது போலிருக்கிறது. இனியவன் மெல்லக் கேட்டார்.

"அப்ப அந்தப் பிராது யாருக்கு எதிரான குத்தத்துக்குங்க ஐயா? சபைக்கா, உங்களுக்கா?"

இனியவன் கிண்ணத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். துணியை மடித்தார். திருவிருந்து மேசைக்கு முன்னால் வாய்கூசாமல் பொய் சொன்ன ஒருவருக்கு, யாராக இருந்தாலும், அன்றைக்குத் தன்னால் கொடுக்க முடியாது என்றார். ஆள் இருந்தாலும் முடியாது. நாளை மறுநாள் ஆபரேஷன் என்று மாசிலாமணி சொன்னார். தெரியும் என்றார் இனியவன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. அவருக்கு வருத்தமில்லாமல் இல்லை; ஆனால் எங்கள் மூப்பரோடு வருத்தப்பட்டுப் பேசினால் அதையே பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடுவார் என்பது ஒரு வருஷத்தில் அவருக்கும் தெரிந்திருந்தது.

பெட்டி பூட்டும் சத்தம் கேட்டது. மாசிலாமணி தலையைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. எத்தனையோ பேரைப் பார்த்து எத்தனையோ தடவை அவர் சொன்ன வார்த்தை இன்று அவர் மேல் விழுந்திருக்கிறது. மகளும் வெளியே, தகப்பனும் வெளியே. இரண்டு பேருக்கும் நடுவில் அந்தச் சின்னப் பெட்டி போய்க்கொண்டிருந்தது.

"நில்லுங்க" என்றார்.

இனியவன் நின்றார்.

"பொய்தான் சொன்னேன். தப்பு." சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். பிறகு மறுபடி, "மருதையா, உன்னைப் போட்டு இழுத்தேன். அதுவும் தப்பு."

பரவாயில்லை பெரியவரே என்று மருதையன் எழுந்து வெளியே போனான். போகிற வழியில், நமக்கு இதெல்லாம் சரிப்படாது என்று சுடர்விழியிடம் சொல்லிக்கொண்டு போனான்.

அது ஒன்று முடிந்தது என்றார் இனியவன். பொய்யை ஒப்புக்கொண்டீர்கள், கர்த்தர் மன்னிக்கிறவர், நான் அதற்குச் சாட்சி. ஆனால் ஆள் வேண்டுமே. இன்னும் நீங்கள் ஒருத்தர்தான்.

மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். சுடர்விழி அசையாமல் நின்றாள். அவளைக் கெஞ்சிக் கூப்பிடுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கூப்பிட்டாலும் போவதா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை. கடைசியில் அவர் கண்ணைத் திறக்காமலே, கமிட்டியில் ஒரு வழக்கை முடிக்கிற குரலில் பேசினார்.

"என் மகள் பேர்ல நான் கொடுத்த பிராதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"எதுக்கு?" என்றாள் அவள். "மனசு வந்தா? ஆள் வேணும்னா?"

"ஆள் வேணும்னுதான்."

அவள் அதைக் கேட்டு நின்றாள். மனசு மாறிவிட்டது என்று சொல்லியிருந்தால் அவள் அடுப்படிக்குத் திரும்பியிருப்பாள் என்று பிற்பாடு தன் கணவனிடம் சொன்னாளாம். அது பொய் என்று தெரிந்திருக்கும். இது பொய் இல்லை.

பிராது இல்லாவிட்டால் கட்டுப்பாடும் இல்லை என்று இனியவன் சொன்னார். கமிட்டி கூடும்போது தான் சொல்லிக்கொள்வதாகவும், உயிருக்கு ஆபத்தான நேரத்தில் போதகருக்கு அந்த அதிகாரம் உண்டு என்றும் சொன்னார். அவள் எதையும் பாவம் என்று அறிக்கையிடத் தேவையில்லையா என்று மாசிலாமணி கேட்டார். நம் எல்லாருக்கும் உள்ளதுதான் அவளுக்கும், எல்லாரும் சொல்கிற பாவ அறிக்கையைச் சொன்னால் போதும் என்றார் இனியவன். இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொன்னார்.

சுடர்விழி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அப்பாவின் கால்பக்கம், கட்டிலிலிருந்து ஒரு முழம் தள்ளி, தரையில் முழந்தாளிட்டாள். பாவ அறிக்கை முடிந்தது. அப்பத்தை எடுப்பதற்கு முன் இனியவன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பந்தியில் இருக்கிறவர்கள் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போகிற கேள்வி. நீங்கள் ஒருவரோடொருவர் சமாதானமாக இருக்கிறீர்களா?

"இல்லை" என்றாள் சுடர்விழி.

அப்பாவும் இல்லை என்பது போலத் தலையை அசைத்தார். அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே பதில் சொன்னது அன்றைக்குத்தான்.

இனியவன் கையில் அப்பம் அப்படியே நின்றது. வேத சாஸ்திரம் படித்தவர்தான். ஆனால் இப்படிப்பட்ட பதிலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று எழுதியிருக்கிறது. போவதற்கு இவர்களுக்கு நாள் இல்லை. ஒப்புரவாக மனசும் இல்லை. திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று அவர் முகத்தில் தெரிந்தது.

"பாஸ்டர்" என்றாள் சுடர்விழி. "அந்தக் கடைசி ராத்திரிப் பந்தியில, காட்டிக்கொடுக்கப் போற யூதாசும் உக்காந்திருந்தான். அவனுக்கும் ஆண்டவர் கையாலதான் கொடுத்தாரு. எங்க ரெண்டு பேர்ல அவன் யாருன்னு கேக்காதீங்க. குடுங்க."

"அது சரிதான்" என்றார் மாசிலாமணி கட்டிலிலிருந்து. "வேதம் தெரியும் அவளுக்கு."

இதைப் பாராட்டாகச் சொன்னாரா, தான் கற்றுக்கொடுத்தது என்று காட்டுவதற்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இனியவன் கொடுத்தார். இதை அப்புறம் கமிட்டியில் இரண்டு பேர் குற்றமாகப் பேசினார்கள். சமாதானம் இல்லாதவர்களுக்கு எப்படிக் கொடுக்கலாம் என்றார்கள். அவர் சொன்ன பதில் எனக்குச் சரியென்றே படுகிறது. பசியில்லாதவன்தான் விருந்துக்கு வர வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். சமாதானம் இருந்தால்தான் சாப்பாடு என்றால், மூன்று தடவை ஆண்டவரைத் தெரியாது என்று சொல்லப்போகிற பேதுருவுக்கு அன்று என்ன கிடைத்திருக்கும்? ஓடிப்போகப் போகிற மற்றவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? மேசை நம்முடையது இல்லை. நாம் கூப்பிட்டு யாரும் அங்கே வரவில்லை. நாம் எழுப்பிவிட்டால் எழுந்து போகிறவர்கள் நம்மால் போகிறார்கள். மேசைக்காரரை விட்டுப் போவதில்லை. பதினைந்து வருஷம் செருப்புக்குப் பக்கத்தில் நின்றவள் அதற்குச் சாட்சி.

எங்கள் சபையில் ஆண்கள் பந்தி முதலில், பெண்கள் பந்தி பிறகு. இனியவன் வேண்டுமென்றே செய்தாரா, கட்டிலைச் சுற்றிப் போக வழியில்லாமல் செய்தாரா தெரியாது, முதலில் சுடர்விழிக்குக் கொடுத்தார். அப்பத்தை வாங்கி, வாயில் போட்டு, அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாள் என்று இனியவன் நினைத்தார். அழுகை இல்லை; அவள் சத்தமில்லாமல் மென்றுகொண்டிருந்தாள், அவ்வளவுதான். மாசிலாமணிக்கு நாக்கில் வைத்தார். பிறகு கிண்ணம். அவள் குடித்துவிட்டுக் கொடுத்தாள். இனியவன் கிண்ணத்தின் விளிம்பைத் துணியால் துடைத்துத் திருப்பி, மறுபடியும் துடைத்தார்.

"என்னத்தைத் துடைக்கிறீங்க" என்றார் மாசிலாமணி. "குடுங்க."

படுத்தபடி குடித்ததில் ரசம் கொஞ்சம் தாடையில் வழிந்தது. சுடர்விழி எழுந்து வந்து, அவர் தோளில் கிடந்த துண்டாலேயே அதைத் துடைத்தாள். கஞ்சி வழிந்தால் எப்படித் துடைப்பாளோ அப்படித்தான், அழுத்தமாக. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நன்றி ஜெபம் முடிந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு இனியவன் புறப்பட்டார். நாளைக்கு ஞாயிறு, சபையிலும் திருவிருந்து இருக்கிறது, வருகிறீர்களா என்று வாசலில் நின்று சுடர்விழியிடம் கேட்டார். கேட்கும்போது மாசிலாமணிக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். வருகிறேன் என்றாள். பெண்களின் முதல் பந்தியிலேயே வருகிறேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்றாள். எங்கள் பக்கத்தில் திருவிருந்துக்குப் போகிற பெண்கள் வெள்ளைப் புடவை கட்டுவது வழக்கம். அவளிடம் வெள்ளைப் புடவை எதுவும் இருந்திருக்க வழியில்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பீரோவுல உங்கம்மா புடவை இருக்கு. வெள்ளை. எடுத்துக் கட்டிக்கிட்டுப் போ."

சுடர்விழி வாசலில் நின்றபடியே பதில் சொன்னாள்.

"நான் உங்ககிட்ட கேக்கலை."